முள் எங்கே நிற்கிறது?

1

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தால் அது அப்பாதான். மலேசியாவில், மலாக்கா பக்கத்துப் பெம்பானில் அப்போது சாயங்காலம். மற்ற வீட்டு அப்பாக்கள் பேரப்பிள்ளை பால் குடித்தானா, பல் முளைத்ததா என்று விசாரிப்பார்கள். என் அப்பா எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான்.

"முள்ளு எங்கம்மா நிக்குது?"

"பாதியிலதான் இருக்குப்பா."

"ஏறலையே?"

"ஏறல."

"எறங்கவும் இல்லியே?"

"இல்லப்பா."

"அப்ப சரி. பய எப்படி இருக்கான்?"

முதலில் வண்டி, பிறகுதான் பேரன். ஒட்டுக்கேட்கிற யாருக்கும் இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையோ என்று தோன்றும். அந்த முள் எஞ்சினின் சூட்டைக் காட்டுகிற முள். அதற்கும் என் மகனுக்கும் உள்ள உறவு எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அவனுக்கு ஒரு வயது நிறைகிறது. சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பெம்பான் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பள்ளி முடித்த கையோடு நர்ஸ் படிப்புக்காக இங்கிலாந்து வந்தேன். படிப்பு முடிந்தது, ஊர் திரும்பவில்லை. இப்போது வடக்கே யார்க்‌ஷயரில், மேட்டின் மேல் இருக்கும் ஒரு பழைய மில் ஊரில் குடியிருக்கிறோம். இங்கே காற்றுக்கு வேறு வேலை கிடையாது, எங்களைத்தான் தேடி வரும். என் கணவர் ரவியும் மலாக்காதான், தங்கா பத்து என்ற ஊர்க்காரர், யாழ்ப்பாண வம்சம், கணக்காளர். மூத்தவள் நித்யாவுக்கு ஒன்பது வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதட்டினால் ஆங்கிலத்திலேயே அழுவாள்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒன்றை முதலில் விளக்க வேண்டும். உங்கள் வண்டியில் ஏர்கோன் பித்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். ஒரு முனை நீலம், இன்னொரு முனை சிவப்பு. நீலப் பக்கம் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கும். சிவப்புப் பக்கம் கடையிலிருந்து வந்த பளபளப்போடு அப்படியே இருக்கும். மலாக்காவில் அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தவர்கள் ஒன்று குழந்தைகள், இல்லை என் தம்பி. அவன் ஜாசினுக்குப் போகும் வழியில் ஒரு மத்தியானம் தள்ளிவிட்டு அப்பாவிடம் முதுகில் வாங்கினான்.

இங்கே அந்தச் சிவப்பு இல்லாமல் குளிர்காலத்தைக் கடக்க முடியாது. எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய தண்ணீர், ஒரு குழாய் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்கு வரும். அதன் மேல் காற்றாடி ஊதும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கதகதப்பு வரும். அவ்வளவுதான் விஞ்ஞானம். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு டாக்ஸியில் அந்தச் சூடு கால் விரலில் பட்டபோது இறங்க மனசே வரவில்லை. டாக்ஸிக்காரர் இரண்டு தடவை "வந்தாச்சு" என்றார்.

எங்கள் வண்டி நித்யாவைவிட மூத்தது. நீளமான ஸ்டேஷன் வேகன், சாம்பார் நிறம். அதன் ஒவ்வொரு உறுப்பும் ஒவ்வொரு வருஷம் படுத்துக்கொண்டது. ஆனால் போன வருஷம் வரை அதன் சூட்டைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

3

நித்யா பிறந்தபோது அம்மா பெம்பானிலிருந்து வந்திருந்தார். மஞ்சள், மிளகு, வசம்பு என்று ஒரு பெட்டி நிறைய பிள்ளைபெற்றவளுக்கான மருந்துச் சாமான். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது அம்மா பிள்ளையைத் தன் சேலைத் தலைப்புக்குள் வாங்கிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். வீடு வரும்வரை ஒரு ஜன்னலையும் திறக்க விடவில்லை. "பச்சப் புள்ள, காத்துப் படக் கூடாது" என்பது ஒன்றுதான் அன்று அவர் பேசியது. மறுநாள் வீட்டுக்கு வந்த இங்கிலீஷ் மருத்துவச்சி ஜன்னலைத் திறந்தாள். அவள் தெருமுனை தாண்டுமுன் அம்மா சாத்தினார். பத்து நாளும் இந்தப் போட்டி நடந்தது. நர்ஸான நான் இரண்டு பேர் பக்கமும் பேசாமல் கஞ்சியைக் குடித்தேன்.

இத்தனை வருஷம் கழித்து நான் மறுபடி உண்டானபோது அம்மா இல்லை. அதற்கு முந்தின வருஷம்தான் போய்ச் சேர்ந்தார். தம்பிக்கும் அவன் பெண்டாட்டிக்கும் பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஃபேக்டரி வேலை, ஆளுக்கொரு ஷிஃப்ட். யாரும் வர வேண்டாம், நானே நர்ஸ், பார்த்துக்கொள்வேன் என்று போனில் பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு, வைத்த பிறகு அழுதேன். மறு ஞாயிறு அப்பா சொன்னார்.

"நான் வர்றேன்லா."

"நீங்க வந்து என்னப்பா செய்வீங்க?"

"ஏன், லோரி ஓட்டுனவன் கஞ்சி வெக்க மாட்டானா?"

அப்பா தோட்டத்தில் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனையின் குலை ஏற்றும் லோரியை ஓட்டி ஓய்வு பெற்றவர். அடுப்புப் பக்கம் அவர் போய் நான் பார்த்ததில்லை. ஆனால் தெருவில் இருந்த அத்தைமார் எல்லோரிடமும் உட்கார்ந்து, எந்த நாளைக்கு எந்த மருந்து என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு சுபாங்கில் விமானம் ஏறிவிட்டார். குளிர் வருமுன் உடம்பு பழக வேண்டும் என்று செப்டம்பரிலேயே வந்தார்.

விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி, வந்த காரணம் என்ன என்று கேட்டிருக்கிறார். அப்பா தெளிவாகச் சொன்னார், "டெலிவரி." தொழில் என்ன? "லோரி டிரைவர்." என்ன சரக்கு? "பேபி." என்னை உள்ளே கூப்பிட்டனுப்பினார்கள். நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய் நின்றதும் அந்த அதிகாரி ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒருமுறை அப்பாவைப் பார்த்தார், ஆறு மாத முத்திரையைக் குத்திவிட்டுத் திரும்பிச் சிரித்துக்கொண்டார். எந்த விளக்கமும் கேட்கவில்லை.

அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் என்னிடம் சொன்னது இதுதான். "கஞ்சி முன்னப்பின்ன இருந்தாலும் திட்டாத. ஆனா புள்ளைய ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குக் கொண்டாற வேல என்னுது. ஒங்கம்மா செஞ்ச மாதிரி, ஒரு பொட்டுக் காத்துப் படாம கொண்டாந்து விடுவேன்."

அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தார். மற்றதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம்.

4

வேலை செய்தே பழகிய ஆளை வீட்டுக்குள் உட்கார வைப்பதைப் போன்ற கொடுமை கிடையாது. முதல் வாரத்திலேயே கதவுக் கீல், சொட்டும் குழாய், அடுத்த வீட்டுக்காரரின் கேட் எல்லாம் சரியாகிவிட்டன. பிறகு அவர் கண் வண்டியின் மேல் விழுந்தது.

"இந்த மேட்டுல தெனம் ஏறி எறங்குது. சூடாகி நடுவழியில நின்னா நெறமாசக்காரி என்ன பண்ணுவ?"

இந்தப் பயம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் அவரோடு லோரியில் போவேன். குலையை ஆட்டும் மில்லுக்குப் போகும் ஏற்றத்தில் முள் மேலே போக ஆரம்பித்தால் அப்பாவின் பேச்சு நின்றுவிடும். ஓரங்கட்டி, எண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு பாரிட்டு வாய்க்காலில் தண்ணீர் மொள்ள இறங்குவார். மூடியைத் துணி போட்டுத் திறக்கும்போது நான் தூரத்து மரத்தடியில் நிற்க வேண்டும். அவருடைய முன்கையில் அந்த நீராவி போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அவருக்கு முள் என்றால் எதிரி. கீழே கிடந்தால் நிம்மதி, தலை தூக்கினால் சண்டை.

ஒரு சனிக்கிழமை முழுக்க பானெட்டுக்குள் தலையை விட்டுக் கிடந்தார். ரேடியேட்டரிலிருந்த பச்சைத் தண்ணீரை என் துணி ஊறவைக்கும் பேசினில் பிடித்து வைத்தார். "ஏதோ மருந்து கலந்திருக்கானுங்க, கொட்ட மனசு வரல" என்று கடைசியில் அதையே திருப்பி ஊற்றினார். கைகழுவிக்கொண்டு வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை ரவியிடம் நீட்டினார்.

இது தோட்டத்துப் பழக்கம். லோரியில் எதைக் கழற்றினாலும் பழைய சாமானை ஆபீஸ் கணக்கரான கிராணியிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விற்றுவிட்டான் என்று பேராகிவிடும். அப்பா அதை ஒரு மானப் பிரச்சினையாகவே வைத்திருந்தார். கழட்டுன சாமான ஓனர்கிட்ட காட்டணும், அதுதான் டிரைவருக்கு மரியாதை என்பார்.

"மாப்ள, பாத்துக்குங்க. இத எடுத்துட்டேன். இனிமே வண்டி சூடாகாது, நான் கேரண்டி."

"ஓம் மாமா, நல்லது மாமா" என்றார் ரவி. மாமனார் எதைச் சொன்னாலும் அவருக்கு ஓம்தான். பிரித்துக்கூடப் பார்க்காமல் சமையலறை இழுப்பறையில் போட்டுவிட்டுக் கணக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் அன்று வார்டில் இருந்தேன், இதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. திரும்பி வந்தபோது அப்பா எண்ணெய் மாற்றினார் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

அன்றிலிருந்து வண்டியில் ஏறும்போதெல்லாம் அப்பாவுக்கு ஒரே பெருமை. முன்சீட்டில் உட்கார்ந்து டாஷ்போர்டைத் தட்டுவார். "பாரு, எவ்வளவு மேடு ஏறியாச்சு. முள்ளு எந்திரிக்கவே இல்ல. அடியிலயே படுத்துக் கெடக்கு."

நானும் பார்த்தேன். ஆமாம்ப்பா, சூப்பர்ப்பா என்றேன். அம்மா போன பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு களையைப் பார்த்ததில்லை, நான் வேறு என்ன சொல்வேன்.

5

நவம்பர் வந்தது. நெம்பைச் சிவப்புக்குத் தள்ளினேன். காற்றாடி ஊதியது, சூடு வரவில்லை. வரவேயில்லை என்றும் சொல்ல முடியாது. ஆறிப்போன தேத்தண்ணிக்கு மேல் ஊதிய மாதிரி ஒரு காற்று வந்தது. கடைத்தெரு நெரிசலில் நின்றால் கொஞ்சம் தேவலை. மேட்டிலிருந்து இறங்கினால் அதுவும் போய்விடும்.

அப்பா உடுப்பைக் கூட்டிக்கொண்டே போனார். முதலில் ஸ்வெட்டர், அதற்கு மேல் ரவியின் கோட்டு, குரங்குத் தொப்பி, அதற்கு மேல் என் மப்ளர், மடியில் ஒரு கம்பளி. எல்லாவற்றுக்கும் நடுவிலிருந்து, "எஞ்சின் மட்டும் நல்லா கூலா இருக்கு" என்று குரல் வரும். நித்யா பின்சீட்டிலிருந்து, "தாத்தா, ஐ'ம் ஃப்ரீஸிங் லா" என்பாள். தமிழ் பேச மாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை அவர் பேச்சின் வாலில் ஒட்டிவரும் அந்த மலேசிய 'லா'வை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் சிநேகிதிகளும் லா போடுவதாகக் கேள்வி.

விளையாட்டாக இருந்தது டிசம்பர் பிறந்ததும் விளையாட்டாக இல்லை. ஆஸ்பத்திரி மேட்டு நிலத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு மரம் கிடையாது, ஒரு வீடு கிடையாது, பனிக்காற்று மட்டும்தான். பிறந்த பிள்ளையை இந்த வண்டியில் எப்படிக் கொண்டுவருவது? டாக்ஸி பிடிக்கலாம் என்று ரவி மெல்லச் சொன்னார். அப்பா முகம் சுருங்கிவிட்டது.

"மொத மொத வீட்டுக்கு வர்ற புள்ள, யாரோ ஒருத்தன் வண்டியிலயா?"

தோற்றுப்போன ஆள் மாதிரி எழுந்து போய் மிளகைப் புடைக்க ஆரம்பித்தார். எனக்கு அது தாங்கவில்லை. பிள்ளைக்குக் காற்றுப் பட்டால் ஒன்றும் ஆகாது, போர்த்திக்கொண்டு வரலாம் என்று எனக்குள் இருக்கும் நர்ஸுக்குத் தெரியும். ஆனால் அப்பா இத்தனை தூரம் வந்தது அந்த ஒரு பயணத்துக்காக. அதை இந்தப் பாழாய்ப்போன வண்டி பறிக்கப்போகிறதே என்று எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

நோயாளியைப் பார்ப்பதுபோல் வண்டியைப் பார்த்தேன். மூச்சு இருக்கிறதா? காற்றாடி நன்றாக ஊதுகிறது. நீர் குறைந்திருக்கிறதா? இல்லை. சிவப்பு நெம்பு இழுக்கும் கம்பி அறுந்திருக்கிறதா? இல்லை. அடுத்து ரத்த ஓட்டம். சின்ன ரேடியேட்டருக்குள் போகும் குழாயை ஒரு கையாலும் திரும்பி வரும் குழாயை இன்னொரு கையாலும் பிடித்தேன். உள்ளே அடைப்பு இருந்தால் ஒன்று சுட வேண்டும், மற்றது குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே வெதுவெதுப்பு. தெருமுனைப் பட்டறைக்காரர் பார்க்காமலேயே, அடைப்புதான், டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டும், புத்தாண்டு கழிந்து வாருங்கள் என்றார். புத்தாண்டு வரை என் வயிறு காத்திருக்காது.

பிரசவ விடுப்புக்கு முந்தின என் கடைசி ஷிஃப்ட் அன்று, வார்டில் ஒரு முதியவரைக் கொண்டுவந்தார்கள், கைகால் சில்லிட்டுப் போய். புதிதாக வந்த பெண் அவர் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை விடு, உள்சூடு எவ்வளவு என்று பார் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. ஓட்டம் சரியாக இருக்கிறது, வருகிற தண்ணீரே சூடாக இல்லை. எஞ்சினின் உள்சூட்டைக் காட்டும் முள் தினமும் என் கண்ணெதிரே அடியில் படுத்துக் கிடந்தது. அப்பாவின் பெருமையோடு சேர்த்துப் பார்த்ததில் அது நோயாகவே எனக்குத் தெரியவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை மேசையில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த வண்டிக் கையேடு. நித்யா ஆங்கிலத்தில் படிக்க, நான் தமிழில் சொல்ல, அப்பா இடிகல்லில் மிளகு இடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"முள்ளு மேல வரலன்னா எஞ்சின் சூடாகலன்னு அர்த்தமாம்ப்பா. அதனாலதான் உள்ள சூடு வரல. தெர்மோஸ்டாட் கெட்டுப் போயிருக்கும்னு போட்டிருக்கு."

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. "அது கெட்டிருக்காது."

"எப்படிச் சொல்றீங்க?"

"இருந்தாத்தானே கெடுறதுக்கு."

"இல்லையா? எங்க போச்சு?"

"நான்தான் கழட்டிட்டேனே, வந்தப்பவே. மாப்ளகிட்ட காட்டுனேன்லா."

ஊரில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. மலாக்காவில் பழைய வண்டி வாங்கினால் முதலில் கோயிலுக்குப் போய்ச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். அடுத்து பட்டறைப் போர்மனிடம் விட்டுத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவோம். அது தண்ணீர் பாதையில் இருக்கும் ஒரு சின்னக் கதவு. எஞ்சின் சூடாகும்வரை மூடியிருந்து, சூடான பிறகு திறந்து, தண்ணீரைப் பெரிய ரேடியேட்டருக்கு அனுப்பும். நம் வெயிலுக்கு அந்தக் கதவு எதற்கு, எப்போதும் திறந்தே கிடக்கட்டும் என்பது நம் ஊர்க் கணக்கு. அந்தக் கணக்கை அப்பா யார்க்‌ஷயருக்குக் கொண்டுவந்துவிட்டார். கதவே இல்லாத எஞ்சின், பனிக்காற்றில் ஓடி ஓடி, சூடாக வழியே இல்லாமல் நடுங்கியிருக்கிறது.

நான் இதைச் சொல்லச் சொல்ல உலக்கை நின்றது.

"அப்ப இவ்வளவு நாளும் குளுருக்குக் காரணம் நான்தானா?"

நான் கையேட்டை மூடி வைத்தேன்.

"ஒங்கம்மா வந்திருந்தா ஒன்ன கதகதன்னு வெச்சிருப்பா. நான் வந்து குளுர வெச்சிட்டேன் பாத்தியா."

அவர் சிரிக்கத்தான் முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை. நித்யா எழுந்து போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இட்ஸ் ஓகே லா, தாத்தா" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ரவி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார். நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்த்தோம். அப்பா கழற்றித் தந்தது எங்கே என்று கேட்டேன்.

"மாமா தந்த சாமானோ? ஓம், இருக்கு" என்று இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் வளையத்துக்கும் பழைய பேட்டரிக்கும் நடுவில் அதே செய்தித்தாள் பொட்டலம். உள்ளே பித்தளை நிறத்தில் ஒரு சின்ன வட்டம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ரவி எதற்கென்று தெரியாமலேயே கூடச் சிரித்தார்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, சட்டியில் தண்ணீர் வைத்து நூலில் கட்டித் தொங்கவிடச் சொல்லியிருந்தது புத்தகம். அப்பா கஞ்சி வைக்கும் சட்டியே கிடைத்தது. நாலு பேரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். தண்ணீர் ஆவி விட்டது, குமிழ் விட்டது. அந்த வட்டத்தின் நடுப்பகுதி மெல்ல மெல்ல, குருவிக்குஞ்சு இரைக்கு வாய் திறப்பதுபோல் திறந்தது. வெளியே எடுத்தோம். ஆற ஆற மூடிக்கொண்டது. நித்யா கை தட்டினாள். அப்பா மறுபடி தண்ணீருக்குள் விடச் சொன்னார். மறுபடியும் திறந்தது.

"எத்தன வண்டியில இதக் கழட்டித் தூக்கிப் போட்டிருக்கேன்" என்றார். "இது வாயத் தொறந்து இன்னைக்குத்தான் பாக்குறேன்."

7

அன்றைக்கே மாட்டினார். யாரையும் பக்கத்தில் விடவில்லை. கால்சட்டைக்கு மேல் கைலி, அதற்கு மேல் ரவியின் கோட்டு. பொருத்துகிற இடத்தில் வைக்க அட்டை வேண்டும் என்று நித்யாவின் கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டியைக் கத்தரித்து, கிரீஸ் தடவிப் போட்டார். நான் ஜன்னலுக்குப் பின்னால் மைலோ குடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் விரல்கள் நீலமாகிவிட்டன. கூப்பிட்டால் வரவில்லை.

சாயங்காலம் நாலு பேரும் மேட்டு நிலத்துக்குப் போனோம். முள் எழுந்தது. நிதானமாக ஏறிப் பாதிக்கு வந்து நின்றது. காலடியில் சூடு வந்தது, முழங்காலுக்கு வந்தது, கண்ணாடியில் படிந்திருந்த மூச்சுப் புகை விலகியது. அப்பா மடியிலிருந்த கம்பளியை எடுத்தார். பிறகு மப்ளர். பிறகு குரங்குத் தொப்பி. கோட்டையும் கழற்றி, கடைசியில் அரைக்கைச் சட்டையோடு, லோரியில் உட்காருவதைப் போலவே முழங்கையைக் கதவில் வைத்து உட்கார்ந்தார்.

"பத்து பெரண்டாம் மத்தியானம் மாதிரி இருக்கு" என்றார்.

ரவி அன்றைக்குத்தான் ஓம் தவிர வேறு ஏதோ சொன்னார். "இனி இது உங்கட வண்டி, மாமா. நான் சும்மா டிரைவர்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து நாலு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார்.

பையன் சில நாள் கழித்து, நல்ல பனியில் பிறந்தான். ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையை மடியில் வைத்துப் போகக் கூடாது, தொட்டில் சீட்டில்தான் கட்ட வேண்டும் என்று தடுத்தார்கள். அம்மா மாதிரி சேலைக்குள் வைத்துக் கொண்டுவரத்தான் அப்பாவுக்கு ஆசை. விதியென்றால் விதி என்று விட்டுக்கொடுத்தார். ஆனால் எங்களை உள்ளேயே நிற்க வைத்துவிட்டு, ரவியோடு முன்னாலேயே போய் வண்டியை ஓடவிட்டு, உள்ளே நன்றாகச் சூடேறிய பிறகுதான் வரச் சொன்னார். கதவைத் திறந்ததும் தன் உடம்பால் காற்றை மறைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைக்கு ஒரு பொட்டுக் காற்றுப் படவில்லை.

வழி நெடுக அப்பா பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் முள் மேலே வந்தால் ஓரங்கட்டிய மனுஷன். இப்போது அது பாதியில் நிற்க வேண்டும் என்று புத்திக்குத் தெரிகிறது, கைகாலுக்குத் தெரியவில்லை. பின்சீட்டிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறார். "மாப்ள, பாதிக்கு வந்திருச்சே, நிப்பாட்டித் தண்ணி பாப்பமா?" என்கிறார். உடனே, "வேணாம், வேணாம், ஓட்டுங்க" என்கிறார். நெற்றியில் வியர்வை.

கொஞ்ச தூரம் போனதும் பிள்ளை சிணுங்கினான். அப்பா போர்வைக்குள் கையை விட்டு அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அப்படியே பிடித்துக்கொண்டார்.

"சுடச்சுட இருக்கான்மா" என்றார் என்னிடம். பிறகு குனிந்து பேரனிடம் முதல் வார்த்தை பேசினார். "பயப்படாதடா. முள்ளு பாதியிலதான் நிக்குது."

8

அப்பா மார்ச்சில் ஊர் திரும்பினார். அதற்குள் என்னைப் பத்தியக் கஞ்சியால் உருட்டித் திரட்டிவிட்டார். அந்தக் கஞ்சியைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், அவர் இதைப் படிப்பார். தம்பி போன வாரம் போனில் புலம்பினான். அப்பா பெம்பான் முழுக்கத் தெர்மோஸ்டாட்டின் பெருமையைப் பேசித் திரிகிறாராம். அவன் வண்டியிலும் மாட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம்.

அப்பாவிடம் இன்னும் சொல்லாத சேதி ஒன்று உண்டு, அவர் இதைப் படிக்குமுன் நேரில் சொல்லிவிடுவேன். சாம்பார் நிற வண்டி போன மாதம் வருஷப் பரிசோதனையில் தேறவில்லை. அடித்தட்டு முழுக்கத் துரு. எஞ்சினுக்கும் சூட்டுக்கும் ஒரு குறையும் இல்லை, ஆனால் சக்கரம் நிற்க இடம் வேண்டுமே. பழைய இரும்புக்குப் போய்விட்டது. புது வண்டியின் முள்ளும் பாதியில்தான் நிற்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்வது பொய்யில்லை.

அடுத்த வாரம் நாலு பேரும் ஊருக்கு வருகிறோம். பிறந்தநாளைப் பெம்பானில்தான் கொண்டாடப் போகிறோம். பெட்டி கட்டியாயிற்று. நித்யா தாத்தாவிடம் சொல்ல வேண்டிய தமிழ் வாக்கியங்களைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருக்கிறாள். எல்லாம் லாவில்தான் முடிகிறது.

பழைய இரும்புக்காரர் வண்டியை இழுத்துப் போக வந்த அன்று, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, ரவியும் நானும் பானெட்டைத் திறந்தோம். கோர்ன்ஃபிளேக்ஸ் அட்டை இன்னும் கசியாமல் இருந்தது. அந்தப் பித்தளை வட்டத்தைக் கழற்றி, துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, பையனின் புதுச் சட்டைக்குப் பக்கத்தில் பெட்டியில் வைத்திருக்கிறேன். வண்டிப் பத்திரத்தில் ரவி பெயர்தான் இருந்தது. இருந்தாலும், கழற்றிய சாமானை ஓனரிடம் காட்ட வேண்டும்.